தோளை இழுத்துப் போட நாங்கள் யார்?



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டது. கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும், இதை இப்போதே சொல்லியாக வேண்டும்.

சென்ற வருடம் கரப்பந்துப் பயிற்சியில் தரம் 10 மாணவன் ஒருவன் பந்தை எடுக்கப் பாய்ந்து கையூன்றி விழுந்தான். "சேர், கை கழண்டுட்டு" என்று கத்தினான். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஓடிப்போய் என்ன செய்தோம்? ஒருவர் உடம்பைப் பிடிக்க, மற்றவர் கையை இழுக்க, 'டக்' என்று மூட்டு உள்ளே போனது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எண்ணெய் தேய்த்தோம். எக்ஸ்ரே பற்றி யாரும் நினைக்கவுமில்லை. மூன்றாவது வாரம் வலயப் போட்டி, அவனை இறக்கினோம். இரண்டாவது செட்டில் அதே தோள் மறுபடி கழன்றது. இப்போது நித்திரையில் புரண்டு படுத்தாலும் விலகுகிறது என்று அவனுடைய உம்மா சொல்கிறார்.

முதல் தடவை விபத்து. இரண்டாவது தடவை எங்கள் வேலை.

தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் அது இலகுவில் விலகுகிறது, பெரும்பாலும் முன்பக்கமாக. விலகும்போது குழியின் விளிம்பிலுள்ள வளையம் கிழியலாம் (பேங்கார்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1923இலேயே எழுதிவைத்த காயம் இது), எலும்பு உடையலாம், நரம்பு பாதிக்கப்படலாம். ஆகவேதான் வைத்தியர்கள் தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டு மரத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நாடி பார்க்கிறார்கள், எக்ஸ்ரே எடுத்துவிட்டு மூட்டைப் போடுகிறார்கள். போட்ட பிறகும் இன்னொரு எக்ஸ்ரே. உள்ளே எலும்பு உடைந்திருந்தால் எந்தக் கைராசியும் உதவாது. கை இருக்கிற நிலையிலேயே துணியால் தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மட்டுமே மைதானத்தில் எங்கள் வேலை.

"அவனுக்கு இப்ப வலியில்லை சேர், விளையாடுவான்." வலி போவது ஒன்று, கிழிந்தது ஆறுவது வேறு. இருபது வயதுக்குக் குறைந்தவர்களில் ஒருமுறை விலகிய தோள் மீண்டும் விலகும் வாய்ப்பு மிக அதிகம். பலம் மற்றக் கைக்குச் சமமாகும் வரை, கையை உயர்த்திப் பின்னால் கொண்டுபோகும்போது 'கழன்றுவிடுமோ' என்ற பயம் போகும் வரை பயிற்சிச் சிகிச்சை வேண்டும். அது மாதக்கணக்கு. சிலருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படும். இதை நிபுணர் தீர்மானிக்க வேண்டும், எங்கள் புள்ளிப் பட்டியல் அல்ல.

விழாமலே வரும் காயமும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை "எறியக்குள்ள தோள் நோகுது" என்றால் சோம்பேறி என்கிறோம். அந்த வயதில் மேற்கை எலும்பின் வளரும் பகுதி இன்னும் மூடியிருக்காது. ஓயாமல் எறிந்தால் அது பாதிக்கப்படும். மருந்து எறியாமல் இருப்பதுதான், வழக்கமாக மூன்று மாதமளவில். அமெரிக்க பேஸ்போலில் 2014இல் வந்த வழிகாட்டலின்படி 13-14 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 66 எறிந்தாலே நான்கு நாள் ஓய்வு. எங்கள் மைதானத்தில் பின்னேரம் எண்ணுகிறவர் யார்? (கலாசாலையில் நாங்கள் எழுதிய முதலுதவிக் குறிப்பு பரீட்சையோடு முடிந்தது.)

இம்முறை ஆயத்தக் கூட்டத்தில் கேடயம், ரீசேட் நிறம் பற்றிப் பேச முன்னர் இரண்டு கேள்வி கேட்கப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் யாருடையது? காயப்பட்ட பிள்ளையை இறக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? பதில் கிடைக்காவிட்டால் எங்கள் பெயர்களைக் கரப்பந்துப் பொறுப்பில் போட வேண்டாம்.