மண்ணை நம்பி ஒரு தொழில்

பெங்களூரின் வடமேற்கே, துமகூர் சாலையை ஒட்டியிருக்கும் பீன்யா தொழிற்பேட்டையில் செய்ய முடியாத உதிரிபாகம் எதுவும் இல்லை என்பார்கள். 1970-களின் இறுதியில் உருவாகி, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த இடம். லேத் பட்டறைகள், கிரைண்டிங் கூடங்கள், வார்ப்படத் தொழிலகங்கள், முலாம் பூசும் சிறு கூடங்கள் என்று தெருத்தெருவாக நீள்கிறது. கன்னடம் பேசுவோருடன் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் இங்கு உண்டு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைக் கழித்துப் போட்டுவிடும் கறார் இவர்களுடையது.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஒருவருக்கு இப்படிப்பட்ட ஊர் வரப்பிரசாதம். வளைந்த தண்டு, தேய்ந்துபோன புஷ், முறிந்த பிராக்கெட் எதுவானாலும் மாற்று செய்துகொள்ளலாம். ஆனால் அவருக்கு வேண்டிய இரண்டு பொருள்கள் எந்தப் பட்டறையிலும் கிடைப்பதில்லை. ஒன்று, ஓட்டிப் பழக மண். இன்னொன்று, முறிந்த உடம்புக்கு மாற்று. மண்தரைப் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்ட இந்தியர்களின் கதை, இந்த இரண்டு குறைகளோடு நடத்தும் போராட்டத்தின் கதைதான்.

மோட்டோகிராஸ் என்பது இயற்கையான மேடு பள்ளங்கள் நிறைந்த மண்பாதையில் நடக்கும் பந்தயம். 1920-களில் இங்கிலாந்தில் பிறந்தது. சூப்பர்கிராஸ் அதன் நகரத்துத் தம்பி. விளையாட்டு அரங்கத்துக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, செயற்கையாகக் குன்றுகளும் அலைகளும் எழுப்பி, பார்வையாளரின் கண்ணெதிரே ஓட்டுவது. 1972-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கொலீசியம் அரங்கத்தில் நடந்த போட்டியிலிருந்துதான் அதன் வரலாற்றைக் கணக்கிடுகிறார்கள். அன்று வென்ற மார்ட்டி டிரைப்ஸுக்கு வயது 16.

அந்த வயது தற்செயலானதல்ல. நூறு கிலோவை நெருங்கும் வண்டியை ஆகாயத்தில் தூக்கி, மூன்று மேடுகளை ஒரே தாவலில் கடந்து, தரையிறங்கிய மறுகணமே அடுத்த வளைவுக்குத் திரும்ப வேண்டும். முன்கைத் தசைகள் இறுகி, கிளட்ச் நெம்புகோலைப் பிடிக்க விரல்கள் மறுக்கும். இதயம் நிமிடத்துக்கு 180 முறைக்கு மேல் துடிக்கும். அமெரிக்காவின் மாபெரும் சாம்பியன்களான ரிக்கி கார்மைக்கேல் 2007-லும் ரயன் டஞ்சி 2017-லும் ஓய்வு அறிவித்தபோது இருவருக்கும் வயது 27 மட்டுமே. பிற தொழில்களில் சம்பளம் உயரத் தொடங்கும் வயதில் இந்தத் தொழில் முடிந்துவிடுகிறது.

அங்கே அந்தக் குறுகிய காலத்துக்குள் பெரும் பணம் சம்பாதித்துவிட முடியும். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு இந்தப் போட்டிகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு மைதானத்தில் ஓரிரு நாள்களுக்குப் பாதை அமைத்து நடத்தப்படுபவை. போட்டி முடிந்ததும் மண் சமப்படுத்தப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும் பழக நிரந்தரப் பாதை அரிது. இறக்குமதிப் பந்தய வண்டிக்குச் சுங்க வரியே கழுத்தை நெரிக்கும். ஆகவே வீரருக்கு வழி ஒன்றுதான்: ஏதாவது ஒரு வண்டிக் கம்பெனியின் பந்தய அணியில் இடம் பிடிப்பது. அந்த இடங்களை எண்ணக் கை விரல்கள் போதும்.

இந்தச் சூழலிலிருந்து கிளம்பியவர்தான் பெங்களூரில் 1983-ல் பிறந்த சி.எஸ். சந்தோஷ். மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் இரண்டிலும் தேசிய அளவில் முன்னணிக்கு வந்தவர். எல்லைக்கு அந்தப்புறம் ஓசூரில் இருக்கும் டி.வி.எஸ். கம்பெனியின் பந்தய அணியில் ஓட்டிப் பெயர் பெற்றார். உள்நாட்டில் வெல்வதற்கு இனி அதிகம் இல்லை என்ற நிலையில், பலரும் செய்வது போல அவர் ஓய்ந்துவிடவில்லை. குறுகிய மண்பாதையை விட்டு, நாள் கணக்கில் ஓட்ட வேண்டிய நெடுந்தூர ராலிப் பந்தயங்களுக்கு மாறினார். ராஜஸ்தான் பாலைவனமும் இமயமலைப் பாதைகளும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. அபுதாபி பாலைவனப் பந்தயம் ஒன்றில் வண்டி தீப்பற்றி எரிந்து, கழுத்தில் கடுமையான தீக்காயம் பட்டது. காயம் ஆறியதும் மீண்டும் மணலுக்கே போனார்.

அவருடைய இலக்கு டக்கார் ராலி. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகரை நோக்கித் தொடங்கிய பந்தயம் இது. பயங்கரவாத அச்சுறுத்தலால் 2008-ல் ரத்தாகி, அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவுக்கு இடம் மாறியது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. பெயரில் மட்டும் பழைய ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2015 ஜனவரியில் அர்ஜென்டினா, சிலி, பொலிவியா வழியாக இரண்டு வாரம் நீண்ட அந்தப் போட்டியில் சந்தோஷ் 36-வது இடம் பிடித்தார். டக்கார் ராலியை முழுமையாக முடித்த முதல் இந்தியர் அவரே. 36-வது இடம் ஒரு சாதனையா என்று கிரிக்கெட் ரசிகர் கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பொலிவியாவின் உயூனி உப்புப் பாலைவனத்தில் மழை கொட்டியது. தெறித்த உப்பு நீர் ரேடியேட்டரை அடைத்தது, மின் இணைப்புகளைத் தின்றது. வீரர்கள் குளிரில் விறைத்துப்போனார்கள். புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. போலந்து வீரர் ஒருவர் உயிரையே இழந்தார். இந்தப் பந்தயத்தில் முடிப்பதே ஒரு வெற்றி.

அதன் பிறகு கதவுகள் திறந்தன. ஹீரோ கம்பெனி தனக்கென ஒரு ராலி அணி அமைத்து 2017-ல் டக்காருக்கு வந்தது. அந்த ஆண்டு சந்தோஷுக்கு 47-வது இடம், 2018-ல் 34-வது இடம். 2019-ல் விழுந்து அடிபட்டு விலகினார். உடுப்பிக்காரரான கே.பி. அரவிந்த் அதே ஆண்டு டி.வி.எஸ். அணிக்காக ஓட்டி 37-வதாக முடித்தார். இருமுறை பாதியில் திரும்பிய பிறகு கிடைத்த இடம் அது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் விலையை 2020 ஜனவரி 12 காட்டியது. ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்ச்சுக்கல் வீரர் பாவ்லோ கொன்சால்வஸ் சவூதிப் பாலைவனத்தில் விழுந்து இறந்தார். வயது 40. அவருடைய மைத்துனரும் அதே அணியில் ஓட்டிக்கொண்டிருந்தார். அணி பந்தயத்திலிருந்து விலகியது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2021 ஜனவரி 6 அன்று, ரியாத் நோக்கிய நான்காம் கட்டத்தில் சந்தோஷ் விழுந்தார். தலையில் பலத்த அடி. ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, மருந்தின் மூலம் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டார். பெங்களூரில் அவரை அறிந்தவர்கள் செய்திக்காகக் காத்திருந்த நாள்கள் அவை. மெல்ல மெல்ல மீண்டு நாடு திரும்பினார். அதன் பிறகு டக்கார் களத்தில் அவர் இறங்கவில்லை.

பெங்களூரின் இன்னொரு வீரர் ஐஸ்வர்யா பிஸ்ஸேயின் அனுபவமும் இதே ரகம். 2018-ல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் காயம்பட்டார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து, பாஹா பந்தயங்களுக்கான உலகக் கோப்பையில் மகளிர் பட்டத்தை வென்றார். மோட்டார் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் உலகப் பட்டம் அது. கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, சூப்பர்கிராஸில் தேசிய சாம்பியனாகிப் பிறகு டக்காருக்குச் சென்றவர். 2021-ல் 20-வது இடம். 2024-ல் 11-வது இடம், தன் பிரிவில் முதலிடம். இந்திய ராலி வரலாற்றின் உச்சம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் 2025-ல் தொடக்கச் சுற்றிலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து வீடு திரும்ப நேர்ந்தது. ஓராண்டு உழைப்பு சில நிமிடங்களில் முடிந்துபோனது.

ஆக, இந்தத் தொழிலில் பதக்கத்துக்கும் படுக்கைக்கும் இடையே இருப்பது ஒரு கல், ஒரு பள்ளம். விழாத வீரர் என்று யாரும் இல்லை. கேள்வி, விழுந்தபின் அவரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான். கம்பெனி ஒப்பந்தம் அந்தந்தக் காலத்துக்கு மட்டுமே. கிரிக்கெட் வீரருக்கு இருப்பது போல வாரியத்தின் ஓய்வூதியமோ வர்ணனையாளர் நாற்காலியோ இங்கு இல்லை.

இந்தக் கேள்விக்குச் சந்தோஷ், விழுவதற்கு முன்பே ஒரு விடை தேடி வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து கிழக்கே கோலார் அருகில், பாறையும் செம்மண்ணுமான நிலத்தில் 'பிக் ராக் டர்ட் பார்க்' என்ற பயிற்சிக் களத்தை உருவாக்கினார். தான் இளைஞனாக இருந்தபோது கிடைக்காத மண்ணைத் தானே தேடி எடுத்தார். அங்கு புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது பறக்க அல்ல. நின்றுகொண்டு வண்டியைச் சமன்செய்யவும், பிரேக் பிடிக்கவும், விழுந்தால் எப்படி விழுவது என்றும்தான். 2024-ல் புனேயில் தொடங்கிய இந்திய சூப்பர்கிராஸ் லீக் போட்டிகளில் அந்தக் களத்தின் பெயரிலேயே ஓர் அணியும் ஓடியது. வெளிநாட்டு வீரர்களோடு ஒரே பாதையில் இந்திய இளைஞர்கள் தாவுவதை அரங்கம் நிறைந்த மக்கள் பார்த்தார்கள்.

இதை வைத்து இந்தத் தொழில் காலூன்றிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. லீக் போட்டிகள் வரும், போகும். விளம்பரப் பணம் வேறு பக்கம் திரும்பினால் கொட்டிய மண் மறுபடி லாரியில் ஏறிவிடும். ஆனால் ஆண்டு முழுவதும் இருக்கும் ஒரு களம், அதில் விழுந்து எழுந்த ஒருவரின் அனுபவம், இரண்டும் எளிதில் மறைந்துவிடாது. இனி வரும் வீரர் சந்தோஷ் போலத் தட்டுத்தடுமாறித் தானே எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படி ஒரு களமும், அதன் அருகே விபத்துச் சிகிச்சை தெரிந்த மருத்துவரும், வீரருக்கு ஒழுங்கான காப்பீடும் இருந்தால் பாதிப் போராட்டம் முடிந்துவிடும். மூன்றுமே ஒரு டக்கார் அணியின் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகையல்ல.

பீன்யாவில் ஒரு பாகம் அளவு தவறினால் கழித்துவிட்டு வேறொன்று கடைந்துகொள்ளலாம். வீரரை அப்படிக் கடைந்துகொள்ள முடியாது. அவரை உருவாக்கப் பத்தாண்டுகள் ஆகின்றன. வண்டி செய்யும் தேசம் என்று பெருமைப்படும் நாம், அதை ஓட்டுகிறவருக்கு முதலில் கொஞ்சம் மண் கொடுக்க வேண்டும். அவர் விழும்போது கைகொடுக்கவும் வேண்டும்.