பற்ற வைக்கப் பத்துக் கடை, அணைக்க?

தோழனே!

மேடையிலே முழங்கிவிட்டுப் பந்தல் மறைவிலே பீடி பற்ற வைத்தவன் நான். ஆகவே ஒழுக்கம் போதிக்க வரவில்லை. உரிமை கேட்க உன்னை அழைக்கிறேன்.

"மன உறுதி இல்லாதவன்" என்று ஏசுகிறது ஊர். மனமா குற்றவாளி? மூளையைப் பிணைக்கும் நிகோடின் அன்றோ விலங்கு! அடிமைத்தனம் நோய் எனில், நோய்க்கு வசையா மருந்து?

மருந்து உண்டு. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவற்றை 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே சேர்த்தது. 2022-இல் இந்திய அரசும் தன் பட்டியலிலே சேர்த்தது. பட்டியலில் ஏறிற்று, பாட்டாளியின் கைக்கு எட்டிற்றா?

பீடியைச் சில்லறைக்கு வாங்குகிறான் கூலிக்காரன். மருந்தையோ வாரக்கணக்கில் வாங்கியாக வேண்டும். ஆலோசனைக்கு மருத்துவமனை சென்றால், அன்றைய கூலி போயிற்று! நஞ்சு மலிவு, மீட்சி விலை அதிகம். இதுவா நீதி?

2018 முதல் புகையிலை உறைகளிலே 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் அச்சாகிறது. நன்று! நீயும் அழை, தோழரையும் அழைக்கச் சொல். அறிவுரை கிடைக்கும். ஆயின், அறிவுரையோடு மருந்தும் வேண்டும்.

புகையிலைக்கு வரி வாங்கும் கை, அதில் ஒரு பங்கை மீட்புக்குத் தரட்டும்! ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் மருந்தும் ஆலோசனையும், கூலி கெடாத மாலை வேளையில், இலவசமாய், தட்டாமல் கிடைக்கட்டும்!

பற்ற வைக்கப் பத்துக் கடை உள்ள தெருவிலே, அணைக்க ஒரு கதவேனும் திறக்க வேண்டாமா? அடுத்த கிளைக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாக்கு, தோழனே!