இரவில் ஐந்து முறை எழுகிறேன்... மாத்திரையா, ஆபரேஷனா?

உடல்நலம்: கேள்வி – பதில்

கேள்வி: ''எனக்கு 66 வயது. ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கீரையும் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகச் சிறுநீர் சரியாகப் போவதில்லை. இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கிறது. ஸ்கேன் பார்த்ததில் புராஸ்டேட் 48 கிராம் என்று வந்தது. ஒரு டாக்டர் மாத்திரை போதும் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும், விட்டால் புற்றுநோயாகிவிடும் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வயலுக்குப் போனால் தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. எதைக் கேட்பது?''

– ஒரு வாசகர், நெமிலிச்சேரி.

பதில்: முதலில் உங்கள் இரண்டு பயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வயதினால் வரும் இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் வேறு வேறு. ஆனால், ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அதனால்தான் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அடுத்தது, வழக்கமாகச் செய்யும் ஆபரேஷனால் விறைப்புத் தன்மை பெரும்பாலும் கெடுவதில்லை. விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது மட்டும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கிறது. அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் வாயில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம் இருக்கும். 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பெருக்கத் தொடங்குகிறது. மடை வாயில் மண் சரிந்தால் வாய்க்காலில் தண்ணீர் எப்படிச் சிறுத்து ஓடுமோ அப்படித்தான் இதுவும்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் ஆச்சர்யமில்லை. சிகிச்சையை முடிவு செய்வது 48 கிராம் என்ற எடை மட்டுமல்ல. 80 கிராம் இருந்தும் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. 30 கிராமிலேயே அவதிப்படுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு, சிறுநீர்ப்பையும் கிட்னியும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பவைதான் முக்கியம்.

தொந்தரவை அளக்க டாக்டர்கள் ஏழு விஷயங்களைக் கேட்பார்கள். போன பிறகும் மீதி இருப்பது போலத் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, வேகம் குறைந்ததா, முக்கிப் போக வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-க்கு மேல் கடுமையானது.

டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு மில்லி என்று எழுதுங்கள். அளக்கப் புதுக் குவளை வாங்குங்கள். பூச்சிமருந்து அளந்த குவளை வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிறையப் போனால் காரணம் புராஸ்டேட்டாக இல்லாமல் சர்க்கரை நோயாகக்கூட இருக்கலாம்.

மாத்திரை எப்போது?

லேசான தொந்தரவுக்கு மாத்திரையே தேவைப்படாது. மாலைக்கு மேல் டீ, காபியைக் குறைத்து, படுக்கும் முன் ஒருமுறை போய்விட்டு வந்தாலே பலருக்குச் சரியாகும். ஆனால், பகலில் வெயிலில் நின்றுகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கல் அடைப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள்.

நடுத்தரத் தொந்தரவுக்கு டாம்சுலோசின் தருவார்கள். இது சிறுநீர்ப்பை வாயைத் தளர்த்தும். சில நாள்களிலேயே பலன் தெரியும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். இரவில் சட்டென எழாமல், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். கழிப்பறை வெளியே இருந்தால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், இந்த மாத்திரை சாப்பிடுவதையோ, முன்பு சாப்பிட்டதையோ கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சுரப்பி பெரிதாக இருந்தால் ஃபினாஸ்டரைடு அல்லது டூடாஸ்டரைடு சேர்ப்பார்கள். இது சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும். பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், டெஸ்ட் எடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி மருமகளோ மகளோ இருந்தால் உடைந்த மாத்திரையை அவர்கள் தொடக் கூடாது.

ஆபரேஷன் எப்போது?

சிறுநீர் மறுபடி மறுபடி அடைத்துக்கொள்வது, அடிக்கடி ரத்தம் வருவது, கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வருவது, சிறுநீர்ப்பையில் கல், இந்த அடைப்பால் கிட்னி பாதிப்பு... இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் முடிவு உங்கள் கையில். மாத்திரையால் தூக்கம் திரும்பினால் தொடரலாம். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் தேறவில்லை, அல்லது காலமெல்லாம் மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால், ஆபரேஷனை யோசிக்கலாம்.

வழக்கமான ஆபரேஷனின் பெயர் டி.யூ.ஆர்.பி. வயிற்றைக் கிழிப்பதில்லை; சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். சில நாள்கள் டியூப் இருக்கும். உங்கள் 48 கிராம் இதற்கு ஏற்ற அளவுதான். 80 கிராமுக்கு மேல் போனால் லேசர் முறையோ, திறந்த அறுவையோ தேவைப்படலாம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் மூட்டை தூக்கக் கூடாது. டிராக்டர், பைக் ஓட்டக் கூடாது. அவசரம் இல்லையென்றால் சம்பா அறுவடை முடிந்த பிறகோ, நவரைக்கும் சொர்ணவாரிக்கும் நடுவிலோ நாள் குறித்துக்கொள்ளுங்கள். நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறினால், சென்ட்ரல் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனுக்கு அங்கே வழி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: 'போன பிறகு எவ்வளவு சிறுநீர் தங்குகிறது? கிட்னி நன்றாக இருக்கிறதா? இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆபத்து?' இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், இரண்டு டாக்டர்களில் யார் சொன்னது உங்களுக்குப் பொருந்தும் என்பது விளங்கிவிடும்.

நெருஞ்சில் கஷாயம் குடிக்கலாமா?

இதே விஷயமாக இன்னும் சிலர் கேட்டிருக்கும் கேள்வி இது. நெருஞ்சிலும் சிறுகண்பீளையும் நம் ஊரில் நீர்க்கடுப்புக்கு வழக்கமாகக் கொடுப்பவை. ஆனால், சிறுநீரைப் பெருக்குகிற எதுவும் வாசல் அடைத்திருப்பவருக்குச் சிரமத்தைக் கூட்டலாம். ஸ்கேன் பார்த்த பிறகு, படித்த சித்த மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திடீரென்று அடைத்துக்கொண்டால்?

சளி, இருமலுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள்கூட இப்படிச் செய்யும். புராஸ்டேட் தொந்தரவு இருப்பதைச் சொல்லியே மருந்து வாங்குங்கள். அடிவயிறு வீங்கி, ஒரு சொட்டும் வரவில்லையென்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். குளிர் காய்ச்சலோடு சிறுநீர் தடைபட்டாலும் அப்படித்தான். டியூப் போட்டால் ஆயுசுக்கும் டியூப்தான் என்று பயப்பட வேண்டியதில்லை. சில நாள் மாத்திரை கொடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்குத் தானாகவே போய்விடும்.

கடைசியாக ஒன்று. இதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் மறைக்கிறவர்கள் நிறைய. மனைவியிடமோ மகனிடமோ சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது துணைக்கு ஓர் ஆள் இருந்தால், அவர் சொல்வதில் பாதி மறந்து போகாது.