கவனயீனம் யாருடையது?

உயர் குருதி அமுக்கம் பற்றிய கூட்டங்களுக்குச் செய்தியாளனாகப் பல ஆண்டுகள் சென்றிருக்கிறேன். அங்கு தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்றுண்டு: "நோயாளிகளின் கவனயீனமே பிரதான காரணம்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாருடைய கவனயீனம் என்பதை இன்று கேட்டே ஆகவேண்டும்.

விடியுமுன் பஸ் ஏறி, இலக்கத்துண்டு பெற்று, வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் வயோதிபருக்கு வைத்தியர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்களே. கிளினிக் கொப்பியில் ஓர் எண். கையில் ஒரு மாதக் குளிசை. தலையிடியோ மயக்கமோ இல்லாதபோதும் அதை ஏன் நிறுத்தக்கூடாது என்று விளக்க அங்கு எவருக்கும் அவகாசமில்லை. வைத்தியரை நோவதில் பயனில்லை. வரிசையின் நீளம் அப்படி. ஆனால் மிகுதி நாட்களெல்லாம் அம்மனிதர் வாழ்வது வீட்டிலன்றோ? அங்கு அவருக்குத் துணை யார்?

கர்ப்பிணித் தாயின் வாசலுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வருகிறார். தாய் சேய் நலத்தில் இந்நாடு ஈட்டிய பெருமையில் அவரது கால்நடைக்குப் பெரும்பங்குண்டு. அதே வீட்டில் அமுக்கத்தோடு வாழும் தந்தையின் நலம் விசாரிக்க எவரும் வருவதில்லை. பாரிசவாதத்தில் அவர் விழுந்த பின்னர்தான் ஊரே ஓடிவருகிறது.

"பாமரருக்கு இதெல்லாம் விளங்காது" என்பார் சிலர். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரிடையே நடந்து, 2020இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தந்துவிட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்து ஆலோசனை கூறினர். வைத்தியருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் அவ்வூர்களில் சுமார் 53 வீதமானோரின் அமுக்கம் 140/90க்குக் கீழ் இருந்தது. வழமையான சேவை மட்டும் கிடைத்த ஊர்களில் அது 44 வீதமே.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு அளவைக் கருவி அனுப்புகிறீர்கள்; நன்று. மேற்கையில் கட்டும் கருவியையே அனுப்புங்கள். பயன்படுத்தும் முறையையும் தொலைபேசியில் சொல்லிக்கொடுங்கள். அளப்பதற்கு முந்திய அரைமணி நேரம் தேநீரும் புகையும் வேண்டாம். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து கொப்பியில் எழுதவேண்டும். பல நாட்களின் சராசரி 135/85ஐத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். தாமாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஏற்பட்டால் கருவியைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சமைப்பவரிடமும் பேசுங்கள்: ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவே இருக்கவேண்டும். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

ஆனால் உறவினரின் அன்பு அரசின் கடமைக்கு ஈடாகாது. ஏற்கெனவே சுமை மிகுந்த குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இதையும் கட்டிவிட்டுத் தப்பிக்கவும் கூடாது. இதற்கென ஆட்களை நியமித்து, பயிற்சியும் கருவியும் ஊதியமும் கொடுத்து வீடுகளுக்கு அனுப்புங்கள். அதைச் செய்த பின்னர் நோயாளியின் கவனயீனம் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம்.