இருதயப் பம்பும் கம்ப்யூட்டர் கணக்கும்

"நாடி விழுந்துவிட்டது" என்று வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிடும். நாடி இல்லையேல் உயிர் இல்லை என்பதைப் பாமர மக்கள் மாத்திரமல்ல, படித்த டாக்டர்களுங்கூட வெகுகாலமாகச் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மையாகவே கருதி வந்தார்கள். ஆனால் இன்று உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர், கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி தட்டுப்படாதவர்களாய் இருந்தும், உண்டு, உறங்கி, நடமாடி, குடும்பம் நடத்தி வருகிறார்கள். இது மந்திரமா, மாயமா என்று யாராவது கேட்பார்களானால், அந்த மனிதர்கள் உடம்போடு சுமந்து செல்லும் பேட்டரியைப் பாருங்கள் என்பதே நமது பதில்.

இருதயம் ஒரு பம்பு. அன்புக்கும் ஆத்மாவுக்கும் அதுவே இருப்பிடமென்று பாட்டிலும் புராணத்திலும் எவ்வளவு சொல்லப்பட்டிருந்தாலும், அது செய்கிற வேலை இரத்தத்தைத் தள்ளுகிற வேலையேயாகும். இதை உலகம் ஒப்புக்கொண்டதும் கணக்கினால்தான். சாப்பாட்டிலிருந்து ஈரலில் இரத்தம் ஓயாமல் உற்பத்தியாகிறதென்றும், உடம்பு அதை ஓயாமல் உறிஞ்சித் தீர்க்கிறதென்றும் கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர் எழுதிவைத்தார். சுமார் 1,400 வருஷ காலம் அதுவே வேதவாக்காயிருந்தது. 1628-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி என்பவர் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினால் அது உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. அவ்வளவும் சோற்றிலிருந்து வருமா? ஆகவே இருக்கிற இரத்தமே சுற்றிச் சுற்றி வருகிறதென்று முடிவு கட்டினார். இன்றைய அளவுப்படி துடிப்பு ஒன்றுக்குச் சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்குச் சுமார் 70 துடிப்பு, நாளொன்றுக்குச் சுமார் 7,000 லிட்டர். உடம்பில் இருப்பதோ மொத்தமே 5 லிட்டர் அளவுதான்.

நிற்க, இந்தப் பம்பு கெட்டுப்போனால் என்ன செய்வது? இறந்தவர் ஒருவருடைய இருதயத்தை எடுத்துப் பொருத்தலாம். ஆனால் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகையால் இருதயத்தின் இடது கீழறை நுனியில் ஒரு சிறு பம்பை வைத்து, அங்கிருந்து இரத்தத்தை இழுத்து மகாதமனி என்னும் பெரிய குழாயில் தள்ளும் முறை வந்தது. முதலில் செய்யப்பட்டவை இருதயத்தைப் போலவே விட்டுவிட்டுத் துடித்தன. 129 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்து 2001-ல் வெளியான ஒரு சோதனையில், மருந்து மாத்திரம் பெற்றவர்களில் ஒரு வருஷம் பிழைத்திருந்தவர்கள் 100-க்கு 25 பேர். பம்பு பெற்றவர்களில் 100-க்கு 52 பேர். ஆனால் அந்தப் பம்புகள் அடித்து அடித்துச் சீக்கிரம் தேய்ந்துபோயின.

ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் எகிப்து தேசத்தில் திருகாணி போன்ற கருவியால் நீர் இறைப்பதைப் பார்த்து, இரத்தத்தையும் இப்படியே சுழற்றித் தள்ளினால் என்ன என்று எண்ணினார். அவ்வளவு வேகத்தில் சுழற்றினால் இரத்த அணுக்கள் அரைபட்டுப் போகுமென்று விஷயம் தெரிந்தவர்களே பயந்தார்கள். 1988-ல் சில நாளைக்கு மாத்திரம் வைக்கும் சிறு பம்பாகச் செய்து மனிதரிடத்தில் வைத்துப் பார்த்தபோது, பயந்தபடி நடக்கவில்லை. கவலை இறைப்பில் நீர் விட்டுவிட்டுக் கொட்டும். பம்புசெட்டில் விடாமல் கொட்டும். பயிருக்கு இரண்டும் தண்ணீர்தான். நாடி தட்டாத மனிதரின் இரகசியம் இவ்வளவே.

ஆனால் பயிருக்கில்லாத ஒரு சங்கடம் இரத்தத்துக்கு உண்டு. அது தேங்கினால் உறையும்; கசக்கினால் உடையும். பம்புக்குள்ளே எந்த மூலையில் தேங்குகிறது, எந்த இடுக்கில் கசக்கப்படுகிறது என்பதைக் கண்ணால் காண்பது கஷ்டம். இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. பம்புக்குள் உள்ள இடத்தை இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அழுத்தத்தோடு போகிறதென்று அது கணக்கிடுகிறது. நாசாவைச் சேர்ந்த டேவிட் சாசியர் என்ற இஞ்சினீர் 1984-ல் மாற்று இருதயம் பெற்றவர். அதன் பின் டாக்டர் டிபேக்கியோடு சேர்ந்து ஒரு சிறு பம்பு செய்யும் வேலையில் நாசா இறங்கிற்று. முதல் மாதிரி இரத்தத்தைக் கெடுத்தது. விண்வெளி ஓடத்தின் எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளும் பம்பை ஆராய்வதற்காக ஏற்பட்ட அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்து, சுழலியின் முன்பக்கம் இன்னொரு திருகு வைத்துத் திருத்தினார்கள். சேதம் வெகுவாகக் குறைந்தது. 1998-ல் ஐரோப்பாவில் அது மனிதருக்கு வைக்கப்பட்டது.

இன்னொரு கணக்கு, பம்பைச் சுற்றியுள்ள உடம்பைப் பற்றியது. நெருப்பணைக்கும் பம்பிலுள்ள காற்றறை எப்படி விட்டுவிட்டு வரும் நீரை ஒரே தாரையாக்குகிறதோ, அப்படியே இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கி வேலை செய்கின்றன என்று 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் எழுதினார். 1899-ல் ஆட்டோ பிராங்க் அதைச் சமன்பாடாக்கினார். 1972-ல் ஆர்தர் கைட்டன் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இரத்த ஓட்டம் முழுவதையும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கணக்கில் ஒரு பம்பையும் சேர்த்துவிட்டால், அதன் வேகத்தைக் கூட்டும்போது என்னவாகுமென்பதை ஒரு நோயாளியின் மேலும் கைவைக்காமல் பார்க்கலாம். வேகம் மிஞ்சினால் இடது அறை உறிஞ்சப்பட்டு, நடுச்சுவர் இடது பக்கம் சாய்ந்து, வலது அறை தளர்ந்து போகிறது. மகாதமனியின் வால்வு திறப்பதற்கே வேலையில்லாமல் நாளாவட்டத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒழுகவும் தொடங்குகிறது. இரத்தக் கசிவைத் தடுக்கும் நீண்ட புரதச் சரடுகள் பம்பின் கடும் உராய்வில் அறுபடுவதால் குடலில் இரத்தம் கசிகிறது.

"இவ்வளவு கணக்கு எதற்கு? செய்து வைத்துப் பார்த்துவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்லலாம். அவர்களைக் கேட்கிறோம்: வைத்துப் பார்ப்பது யாருடைய மார்பில்? கம்ப்யூட்டரில் தப்பு ஏற்பட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். மார்பில் தப்பு ஏற்பட்டால் ஒரு பெண்சாதிக்குப் புருஷன் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தாய் இல்லை. 1,028 பேரை வைத்து நடந்து 2019-ல் முடிவு வெளியான சோதனையில், முந்திய மாதிரிப் பம்பை 2 வருஷத்துக்குள் மாற்ற வேண்டி வந்தது 100-க்கு 11 பேருக்கு மேல். காந்த பலத்தால் எதிலும் உரசாமல் மிதந்து சுழன்று, 2 விநாடிக்கொரு முறை வேகத்தை மாற்றித் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் புதிய பம்பில் 100-க்கு 2 பேர் சொச்சந்தான்.

இப்படிச் சொல்லுவதால், கம்ப்யூட்டர் சொன்னதெல்லாம் சத்தியம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. "சாஸ்திரம் சொல்லிற்று" என்பதை விட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் சொல்லிற்று" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது பகுத்தறிவாகாது. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து, மருத்துவக் கருவி இலாகா ஒரு பரீட்சை வைத்தது. நடுவில் குறுகிப் பிறகு திடீரென்று அகலும் ஒரு குழாயைக் கொடுத்து, அதில் நீரோட்டம் எப்படியிருக்குமென்று கணக்கிடச் சொல்லிற்று. பல தேசங்களிலிருந்து 28 கூட்டத்தார் விடை அனுப்பினார்கள். 3 ஆய்வுச்சாலைகளில் உண்மையாகவே அளந்து பார்த்ததோடு அவற்றை ஒப்பிட்டு, 2012-ல் முடிவு வெளியாயிற்று. ஒரே குழாய், ஒரே கேள்வி, விடைகளோ ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டிருந்தன! சாதாரணக் குழாய்க்கே இந்தக் கதியானால், உயிருள்ள உடம்புக்குச் சொல்லவும் வேண்டுமா?

அன்றியும் கணக்கில் போடப்படும் உடம்பு யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். மேலே சொன்ன 1,028 பேரில் 5-ல் 4 பங்கினர் ஆண்கள். சிறிய இருதயமுள்ள பெண்ணுக்கு, பெரிய அறையை வைத்துப் போட்ட கணக்கு எப்படிப் பொருந்தும்? சிறிய அறை சீக்கிரமே உறிஞ்சப்பட்டுவிடுமல்லவா? பெண்களின் அளவுகளையும் எடுத்து, அவர்களையும் போதிய எண்ணிக்கையில் சோதனைகளில் சேர்த்துக்கொள்ளாத வரையில், கணக்கு எவ்வளவு நுட்பமாயிருந்தாலும் அது பாதி ஜனங்களின் கணக்கேயாகும்.

ஆகையால் நாம் வற்புறுத்துவது இதுதான். மனித உடம்பில் எந்தப் பம்பையும் வைக்குமுன் கணக்குப் போடட்டும். அந்தக் கணக்கில் எதை எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பிறகு அளந்து பார்த்து, அளவு ஒத்துவராவிட்டால் தயவு தாட்சண்யமின்றிக் கணக்கைத் தள்ளட்டும். கேலனைத் தள்ளியதும் கணக்குத்தான். கணக்கையும் தள்ளக்கூடியது அளவுகோல். அந்த அளவுகோலை எவர் பேருக்காகவும், எந்த இயந்திரத்துக்காகவும் கீழே வைத்துவிடக் கூடாது.