முக்கால் காணிக்கு எந்தப் பட்டியல்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் அத்தையோடு (தாய்மாமன் மனைவி) கோர்ட்டுக்குப் போய் வந்தேன். அத்தைக்கு வயது 81. அவருடைய அப்பா வழி நிலத்தில் முக்கால் காணி தன் பங்கு என்று கேட்டுப் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. இது பன்னிரண்டாவது வருஷம். காலை பத்தரையிலிருந்து காத்திருந்தோம். மதியம் ஒரு மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பதற்குள் வாய்தா போட்டாயிற்று. "அவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எதிர்த்தரப்பிலும் என்னிடம் படித்த பையன்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவந்தது வேறு.

காத்திருந்த நேரத்தில் வாசலில் ஒட்டியிருந்த அன்றைய வழக்குப் பட்டியலைப் படித்தேன். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு. எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமண வழக்கு. எம்.சி.ஓ.பி. என்றால் வாகன விபத்து இழப்பீடு. ஈ.பி. என்றால் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு. நாம் பரீட்சைத் தாள்களைப் பாடவாரியாகக் கட்டிவைப்பதைப் போல வழக்குகளையும் இனம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. குடும்ப வழக்குகளுக்கு 1984-இல் தனிச் சட்டம் வந்தது. விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி தனித் தீர்ப்பாயம். 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. முதலில் ஒரு கோடி ரூபாய் வழக்குகளுக்குத்தான் அது. 2018-இல் மூன்று லட்சமாகக் குறைத்தார்கள்.

இந்த வணிகப் பட்டியலில் சேர்ந்தால் என்ன லாபம்? நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். ஒரு கைலி வியாபாரிக்குச் சரக்கு வாங்கியவர் நான்கு லட்சம் பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசர உத்தரவு தேவையில்லை என்றால், வழக்குப் போடும் முன்பே சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். வழக்கு வந்தபிறகு எதிர்த்தரப்பு 120 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்யவேண்டும். தவறினால் அந்த உரிமையே போய்விடும். நீதிபதி நினைத்தாலும் அனுமதிக்க முடியாது.

சாதாரண உரிமையியல் வழக்கிலும் சட்டப் புத்தகத்தில் 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்றுதான் இருக்கிறது. ஆனால் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-இல் சுப்ரீம் கோர்ட், தக்க காரணம் இருந்தால் அந்தக் கெடுவை நீட்டிக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஏழைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று திறந்துவைத்த கதவு அது. இழுத்தடிக்க நினைப்பவர்களும் அதே கதவு வழியாகத்தான் வருகிறார்கள்.

ஆக, கைலிக் கடைப் பாக்கிக்குக் கடிகாரம் உண்டு. அத்தையின் முக்கால் காணிக்குக் கடிகாரம் இல்லை. இதுதான் என் ஆதங்கம். வியாபாரிக்குச் சீக்கிரம் நியாயம் கிடைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே சீக்கிரம் பாகப்பிரிவினைக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

பாகப்பிரிவினை வழக்கு ஒரே பரீட்சையோடு முடிவதில்லை. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. அப்புறம் வக்கீல் கமிஷனரும் சர்வேயரும் போய் அளந்து, இறுதித் தீர்ப்பாணை. அதற்கப்புறம் நிலத்தைக் கையில் வாங்க ஈ.பி. முதல்நிலைத் தீர்ப்பாணையோடு கட்டை மூடிவிடாதீர்கள், இன்னொரு மனு வரட்டும் என்று காத்திராமல் நீங்களாகவே இறுதிக் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள் என்று 2022-இல் ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட் கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொன்னது. ஈ.பி.யின் கதையோ இன்னும் மோசம். சேலத்து வழக்கு ஒன்று: 1980-இல் கிரய ஒப்பந்தம், 1986-இல் வழக்கு, 2025 மார்ச்சில்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிவு. அப்போது நாடு முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். 8.8 லட்சத்துக்கும் மேல் ஈ.பி.கள் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது.

இதில் பெண்கள் கணக்கு தனி. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமாகிப் போனவர்கள் விடுபட்டார்கள். அவர்களுக்கும் 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வழிவிட்டது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. இத்தனை படி ஏறி வந்த உரிமை, வாய்தாவில் நின்றுபோகலாமா?

"தனிப் பட்டியல் போட்டால் மட்டும் ஆயிற்றா? நீதிபதி ஒருத்தர்தானே" என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மாவட்ட நீதிபதிகளும் சார்பு நீதிபதிகளும் வழக்கமான வேலையோடு விபத்துத் தீர்ப்பாயமாகவும் அமர்கிறார்கள். பலகை மாறும், ஆள் மாறுவதில்லை. காலியிடங்களை நிரப்பாமல் எத்தனை பட்டியல் போட்டாலும் பயன் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது புதுக் கட்டிடம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் பாகப்பிரிவினைக்கு மட்டும். அதிலும் எழுபது வயது தாண்டியவர்கள் வழக்கு முதலில். அன்றைக்குக் கூப்பிட்டால் ஏதாவது ஒரு படி நகரவேண்டும். நாற்பது வருஷம் ஐந்தாம் வகுப்பு மேய்த்தவன் சொல்கிறேன், நேரஅட்டவணையில் ஒரு பீரியடு ஒதுக்காத பாடம் வருஷக் கடைசிவரை நடக்காது.

வழக்கு உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த தேதியை நீங்களே பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். லோக் அதாலத்தில் பேசி முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை.

கடைசியாக, எதிர்த்தரப்பில் இருக்கும் என் மாணவர்களுக்கு. இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அவர் உங்களுக்கும் அத்தைதான், உங்கள் அப்பாவோடு பிறந்தவர். கோர்ட் பட்டியல் மாறும்வரை அவர் காத்திருக்க முடியாது. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் ஒருநாள் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். வாத்தியார் அடிக்கமாட்டேன்.