எதைப் படிப்பது?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஜனங்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து, அருவியில் தலையைக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட்டு ஊர் திரும்புகின்றார்கள். அதை நாம் குற்றஞ் சொல்லவில்லை. ஆனால் அருவிக்கும் தென்காசிக்கும் இடையே உள்ள மேலகரத்துக்காரர் ஒருவர் செய்த புஸ்தகத்தை அவர்களில் எத்தனை பேர் கையால் தொட்டிருப்பார்கள் என்று கேட்கின்றோம்.

18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியைத்தான் சொல்லுகின்றோம். பகுத்தறிவு பேசுகிறவர்கள் கோவில் பாட்டைச் சிபாரிசு செய்வதா என்று சில தோழர்கள் முகஞ்சுளிக்கலாம். சுவாமி பவனியைக் கண்டு வசந்தவல்லி மயங்கினாள் என்பதை நம்பித்தான் ஆகவேண்டுமென்று யார் சொன்னார்கள்? குறத்தி தன் மலையைச் சொல்லும் தமிழைப் பாருங்கள். சிங்கி கை பார்த்துக் குறி சொல்லி நகைநகையாய்ப் பரிசு வாங்குகிறாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் அவள் போன இடம் தெரியாமல் அவள் புருஷன் சிங்கனோ தெருத்தெருவாய் அலைகின்றான்! கண்டுபிடித்த பின், அவள் மேலுள்ள ஒவ்வொரு நகையையும் காட்டி இதென்ன, அதென்ன என்று அவன் சந்தேகத்தோடு கேட்பதும், அவள் சளைக்காமல் பதில் சொல்லுவதும் உரக்கப் படித்தால், எழுத்து வாசனையில்லாதவருக்கும் சிரிப்பு வரும்.

குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ல் காலமான ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், கவியை வாய்விட்டுப் படித்து அனுபவிக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். அது சரியே. ஆனால் அனுபவித்த பிறகு நாலு கேள்வியும் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பழையது என்பதற்காகவே ஒரு நூல் பெரிய நூலாகிவிடாது.

நிற்க, வசனத்தில் என்ன இருக்கிறது என்பாருக்கு, முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் இருக்கிறது. அதில் ஞானாம்பாள் என்ற பெண் ஆண் வேஷத்தில் ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். உபதேசம் சற்று அதிகந்தான். அலுத்தால் தாண்டிக்கொண்டு போகலாம். சிறுகதை வேண்டுவோர் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தனின் சாபவிமோசனத்தை எடுத்துக்கொள்ளட்டும். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, ராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். மேடையில் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் இவ்வளவு உறைக்குமா என்பது சந்தேகம்.

வாதத்திற்கு டாக்டர் அம்பேத்கரின் ஜாதி ஒழிப்பு நூல். 1936-ல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார் அவரைத் தலைமை வகிக்க அழைத்து, பேச்சை முன்கூட்டிப் படித்துப் பார்த்துப் பயந்து, மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். அவரோ பேச்சைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். காந்தியார் ஹரிஜன் பத்திரிகையில் எழுதிய மறுப்பையும், அதற்கு அம்பேத்கர் சொன்ன பதிலையும் சேர்த்தே படியுங்கள். நமக்குப் பிடித்தவர் எழுதியது என்பதால் எந்த வரிக்கும் சலுகை கொடுக்கவேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெண்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாய் மாற்றி மாற்றிப் படியுங்கள்.